கேமரா முன் உங்கள் வீட்டுப் பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்குகிறது. சினிமா, சீரியல், விளம்பரம் என்று பிள்ளைகளை நடிக்க அனுப்ப நினைக்கும் சேலம், ஏற்காடு வட்டாரப் பெற்றோர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகளுக்கு 6 வயது. ‘குழந்தை நட்சத்திரம் தேவை’ என்று ஃபேஸ்புக்கில் பார்த்து போட்டோ அனுப்பினேன். மறுநாளே ‘செலக்ட் ஆகிவிட்டாள்’ என்றார்கள். போட்டோ ஷூட்டுக்கும் ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கும் 18,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

கட்டாதீர்கள். நடிப்பவருக்குத் தயாரிப்பாளர் பணம் கொடுப்பார், வாங்கமாட்டார். இதற்கு விதிவிலக்கே கிடையாது. குழந்தையை நேரில் பார்க்காமல், ஒரு வரி வசனம்கூடப் பேச வைக்காமல் ‘செலக்ட்’ என்று சொன்னதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. இவர்கள் முதலில் 500 ரூபாய் பதிவுக் கட்டணம் என்பார்கள். பிறகு போட்டோ, பிறகு கார்டு, கடைசியில் காஸ்ட்யூம் அட்வான்ஸ். ஒவ்வொன்றும் ‘திருப்பித் தந்துவிடுவோம்’ என்ற வாக்குறுதியோடுதான் வரும்.

உண்மையான வாய்ப்பா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் என்ன? இயக்குநர் யார், முன்பு எதில் வேலை செய்தவர்? சீரியல் என்றால் எந்த சேனல்? ஆடிஷன் எந்த முகவரியில், பகலிலா? சொல்கிற பெயரை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நீங்களே தனியாக போன் செய்யுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணில் விசாரித்தால் அவர்கள் ஆளே எடுத்து ‘ஆமாம்’ என்பார். ஹோட்டல் அறையில் ஆடிஷன், ‘அம்மா வெளியே இருங்க’ என்ற பேச்சு, குளியல் உடையில் போட்டோ அனுப்பச் சொல்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தப்பாக ஏதும் நடந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம்.

ஸ்டுடியோ போட்டோ வேண்டாம் என்றால் எதை அனுப்புவது? ஆடிஷன் வீடியோவை வீட்டிலேயே எடுப்பது எப்படி?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

நான்கு போட்டோ போதும்: நேர் முகம், இடப்பக்கம், வலப்பக்கம், தலை முதல் கால் வரை முழு உருவம். சிரிப்பது ஒன்று, சிரிக்காதது ஒன்று என்று முகத்தை மட்டும் இரண்டாக எடுக்கலாம். மேக்கப், ஃபில்டர், பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி எதுவும் வேண்டாம். தேர்வு செய்கிறவருக்கு வேண்டியது அந்தக் கதையில் வரும் பிள்ளையின் முகம். பவுடர் பூசிய முகத்தில் அது தெரியாது.

வீடியோவுக்குக் காலை 9 மணி வாக்கில் ஜன்னல் பக்கம் குழந்தையின் முகம் இருக்கும்படி நிற்க வையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வந்தால் முகம் கருத்துப் போகும். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். காலண்டர், டிவி, துணிக்கொடி எதுவும் தெரியக்கூடாது. ஃபேனை நிறுத்துங்கள். போனைப் படுக்கைவாட்டில், குழந்தையின் கண் உயரத்துக்கு, புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வையுங்கள். நீங்கள் நின்றபடி மேலிருந்து எடுத்தால் எந்தக் குழந்தையும் பொம்மை மாதிரிதான் தெரியும். பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள்: இதற்கு 15 நொடி. பிறகு கேட்ட வசனம். மொத்தம் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பள்ளிச் சீருடையும் பள்ளியின் பெயரும் வீடியோவில் வரவே கூடாது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது வசனத்தில். அம்மா ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் கொடுக்க, பிள்ளை கிளிப்பிள்ளையாய் அப்படியே திருப்பிச் சொல்லும். ‘அப்பா எப்ப வருவார்?’ என்ற வரியை இயக்குநர் கோபமாகக் கேட்கச் சொல்வார், பிள்ளைக்கு அந்தப் பழைய ராகம்தான் வரும். அதனால் ராகத்தைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்பா எங்கே போனார், எத்தனை நாளாகக் காணோம், யாரிடம் கேட்கிறாள் என்று கதையைச் சொல்லுங்கள். வரியைத் தட்டையாக ஒரே சுருதியில் மனப்பாடம் செய்ய விடுங்கள். செட்டில் எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும்.

சீரியலில் இன்னொன்றும் உண்டு. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு உதவி இயக்குநர் கேமராவுக்கு வெளியே நின்று வரி வரியாக எடுத்துக் கொடுப்பார். அவர் குரல் முடிந்து ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும். குரல்கள் ஒன்றோடொன்று மோதினால், அங்கேயே ஒலிப்பதிவு செய்யும் இடங்களில் அந்த டேக் (ஒருமுறை எடுத்த பதிவு) வீண். வீட்டில் ஒருவர் சொல்ல, மனத்துக்குள் ‘ஒன்று’ எண்ணிவிட்டுத் திருப்பிச் சொல்லும் விளையாட்டாக இதைப் பழக்கலாம்.

ஏற்காட்டில் நடக்கும் படப்பிடிப்பில் என் 9 வயது மகளைக் கேட்கிறார்கள். ‘குழந்தைத் தொழிலாளர் சட்டம் வரும்’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, கன்னங்குறிச்சி

உறவினர்கள் சொல்வதில் பாதி சரி. 14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு எல்லாத் தொழில்களிலும் தடுக்கிறது. சினிமா, சீரியல், விளம்பரத்தில் நடிப்பதற்கு, படிப்பு கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு விலக்கு உண்டு. அதற்கான கட்டுப்பாடுகள் 2017-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு பெற்றோரும் இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அனுமதி வாங்க வேண்டியது தயாரிப்பாளர், கொடுக்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அந்த மாவட்டத்தின் ஆட்சியர். ஏற்காடு என்றால் சேலம் கலெக்டர். அதே படத்துக்கு அடுத்த வாரம் சென்னையில் காட்சி இருந்தால் அங்கே தனி அனுமதி. பிள்ளை எந்த ஊர்க்காரி என்பது கணக்கில்லை. குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர், எழுத்துபூர்வமான உறுதிமொழி எல்லாம் அதோடு போக வேண்டும். உறுதிமொழி 6 மாதம்தான் செல்லும். படம் இழுத்துக்கொண்டே போனால் மறுபடி கொடுக்க வேண்டும். 5 குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் இருக்க வேண்டும். உங்கள் மகளின் பெயர் உள்ள அனுமதியின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் ஆபீஸில் இருக்கு’ என்றால், அது வரும்வரை தேதி கொடுக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக்கூடாது. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தவே கூடாது.

இந்த 5 மணி நேரம்தான் அதிகமாக மீறப்படுகிறது, பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று மீறுவதில்லை. யூனிட் வண்டி ஒன்றுதான், காலை 6 மணிக்கு எல்லோரோடும் குழந்தையையும் ஏற்றிவிடுவார்கள். அவள் காட்சி சாயங்காலம் 4 மணிக்கு வரும். அதற்குள் பிள்ளை துவண்டுவிடும், 2 டேக்கில் முடிய வேண்டியது 12 டேக் போகும், எல்லோருக்கும் எரிச்சல். முந்தின இரவே உதவி இயக்குநரிடம் மறுநாள் காட்சி வரிசையைக் கேளுங்கள். குழந்தையின் காட்சிகளை ஒன்றாகச் சேர்த்து முதலில் எடுக்கச் சொல்லுங்கள், வண்டியைத் தனியாகக் கேளுங்கள். ஒரு சின்ன நோட்டில் மேக்கப்புக்கு உட்கார்ந்த நேரம், இடைவேளை, முடிந்த நேரம் மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள். நோட்டோடு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தாலே மேனேஜர் நேரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்.

சேலத்துத் துணிக்கடை, நகைக்கடைகளுக்கு லோக்கல் சேனலுக்காக எடுக்கும் அரை நாள் விளம்பரமும் இதே விதிக்குள்தான் வருகிறது. ‘சின்ன வேலைதானே’ என்று யாரும் கவனிப்பதில்லை.

பல் விழுகிற வயது. ஷூட்டிங் நடுவில் முன்பல் விழுந்தால் என்ன ஆகும்?
– வாசகி, சூரமங்கலம்

நல்ல கேள்வி, கண்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் இருப்பது) பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. 6, 7 வயதில் முன்பற்கள் விழத் தொடங்கும். சினிமாவில் ஒரு காட்சியின் முதல் பாதியை ஜனவரியிலும் மீதியை மார்ச்சிலும் எடுப்பார்கள். கதவைத் திறக்கும்போது பல் இருக்கும், உள்ளே வந்ததும் ஓட்டை தெரியும்.

ஒப்பந்தத்துக்கு முன்பே எந்தப் பல் ஆடுகிறது என்று இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள். நெருக்கமான காட்சிகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்கள், அல்லது பல் இல்லாததைக் கதையிலேயே சேர்த்துவிடுவார்கள். குழந்தைகளுக்கான பல் மருத்துவர் கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் செய்து தருவார். ஆனால் அதை மாட்டினால் ‘ச’, ‘த’ உச்சரிப்பு சில நாள் குழறும், அதற்கு முன்கூட்டியே பழக்கம் வேண்டும். தாமதமாகிறதே என்று ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுப்பது, விழாமல் இருக்கக் கடிக்க விடாமல் பட்டினி போடுவது இரண்டும் வேண்டாம்.

பல்லைவிட நம் ஊரில் அதிகம் சிக்கல் தருவது மொட்டையும் காதுகுத்தும். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட முடியை ஷெட்யூல் முடியும்வரை இறக்க முடியாது. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது கையில் வைக்கும் மருதாணிகூட 10 நாள் போகாது, அது அடுத்த காட்சியில் தெரியும். வேண்டுதல் இருந்தால் தேதியோடு முன்பே சொல்லுங்கள். முடியை நீங்களே வெட்டிவிடுவதும், முகம் கறுக்கும்படி வெயிலில் விளையாட விடுவதும் அதே ரகம்தான்.

அழுகிற காட்சிக்குக் கிளிசரின் போட்டார்கள். மகள் இரண்டு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். வேறு வழி இல்லையா?
– வாசகி, அஸ்தம்பட்டி

குழந்தைகளுக்குக் கிளிசரினே வேண்டாம் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. கண்ணுக்குள் போனால் எரியும். கையால் தேய்த்தால் மேக்கப்பும் உள்ளே போகும். கண்ணுக்குக் கீழே தடவும் மெந்தால் குச்சியும் அப்படித்தான். கன்னத்தில் சொட்டுக்குழாயால் இரண்டு சொட்டு சுத்தமான தண்ணீர் விட்டால் கேமராவுக்கு அது கண்ணீர்தான். இமை ஓரம் லேசாக நனைந்திருந்தால் போதும். கண் சிவந்திருக்க வேண்டும் என்றால் மேக்கப்காரர் கீழ் இமையின் வெளிப்புறத்தில் சாயம் தடவிக் கொண்டுவருவார்.

இதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. அழுகை வரவேண்டும் என்று ‘அம்மா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க’ என்று பொய் சொல்வது, கிள்ளுவது, பொம்மையைப் பிடுங்குவது. சில நேரம் இதைச் செய்வது பெற்றோரேதான். ஒரு தடவை வேலை செய்யும். அடுத்த நாள் செட்டுக்கே வரமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கும், பிறகு எந்த இயக்குநரையும் நம்பாது.

பழக்கமான இயக்குநர்கள் காட்சியைப் பிரித்து எடுப்பார்கள். திட்டுகிற பெரியவரின் ஷாட்டைக் குழந்தை இல்லாமல், அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, அதைப் பார்த்துத் திட்டச் சொல்லி எடுத்துவிடுவார்கள். பிள்ளையின் குளோஸ்அப்பில் அவள் பார்ப்பது உதவி இயக்குநரை. கீழே பார், மெதுவாக மூச்சு விடு, உதட்டைக் கடி, இப்போது நிமிர்ந்து பார் என்று நான்கு செயலாகச் சொல்வார்கள். அழு என்று சொல்லவே மாட்டார்கள். திரையில் பார்ப்பவர் அழுவார். காட்சி முடிந்ததும் திட்டிய நடிகர் வந்து குழந்தையோடு 5 நிமிடம் விளையாட வேண்டும். ‘அந்த மாமா நிஜமாவே கெட்டவர்’ என்ற எண்ணம் இரவில் கனவாக வராமல் இருக்க இது அவசியம். மானிட்டரில் ஒருமுறை காட்டினாலும் போதும்.

அந்த நேரத்தில் நீங்கள் குழந்தையின் கண்ணில் படாத, ஆனால் கூப்பிட்டால் கேட்கும் இடத்தில் நில்லுங்கள். கண்ணில் பட்டால் ஒவ்வொரு டேக் முடிவிலும் உங்கள் முகத்தைப் பார்க்கும். உங்கள் முகம் சுருங்கினால் அதன் நடிப்பும் சுருங்கும்.

மேக்கப் பற்றி ஒரு வரி: புதிய கிரீமை முந்தின நாள் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். ஸ்பாஞ்சும் பிரஷும் உங்கள் பையிலிருந்தே போகட்டும்.

பேத்தி சம்பளத்தை யார் பெயரில் வாங்குவது? வருமான வரி உண்டா?
– ஒரு தாத்தா, ஓமலூர்

பேத்தியின் பெயரில்தான், ஐயா. விதிப்படி அவள் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தயாரிப்பாளரே நேராக நாட்டுடைமை வங்கியில் அவள் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். 18 வயது நிறைந்ததும் அது அவள் கைக்கு வரும். ‘மொத்தமாகத் தந்துவிடுகிறோம், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வைப்பு ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும். எங்கள் யோசனை, 20 என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு, செலவு போக மீதி முழுவதையும் அவள் பெயரிலேயே போடுங்கள் என்பதுதான்.

முதல் வேலைக்கு முன்பே பான் எண் வாங்கிவிடுங்கள். சிறுவர்களுக்கும் தருவார்கள், பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், அட்டையில் போட்டோ இருக்காது. சம்பளத்தில் 10 சதவீதம் வரி பிடிக்கும் இடத்தில், பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, ரிட்டர்ன் போட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. குழந்தை தன் திறமையால் சம்பாதித்தது பெற்றோர் வருமானத்தோடு சேராது, அவள் பெயரிலேயே கணக்கு. ஆனால் அந்த வைப்பின் வட்டி, அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பலர் தவறுவது இந்த வட்டியில்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவது அவளுடைய பெற்றோர். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி சிறுவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. எத்தனை நாள் கால்ஷீட், தேதி மாறினால் என்ன, பயணம், தங்குமிடம், கூட வருபவருக்கு பேட்டா (தினப்படி), டப்பிங் தனிச் சம்பளமா, விளம்பர நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் வரவேண்டும், இந்த ஏழும் தாளில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொன்னது எதுவும் நிற்காது.

சீரியலா, சினிமாவா? எது நல்லது?
– வாசகி, ஆத்தூர்

10 வயதுக்குள் என்றால், விடுமுறையில் 8, 10 நாளில் முடியும் சினிமா வேடம் நல்லது. சீரியல் வேலை மாதாமாதம் வரும். சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்கு முன் சென்ட்ரலில் இறக்கிவிடும், தூக்கம் கலைந்த பிள்ளையை அன்றைக்கே கேமரா முன் நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டு மாதம் தாங்கும், பிறகு அம்மாவும் பிள்ளையும் சென்னையில், அப்பா சேலத்தில் என்று குடும்பம் பிரியும். படிப்பு தொடர தயாரிப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் நீங்கள் வகுப்பு ஆசிரியையிடம் வாரப் பாடத்தை வாங்கிக்கொண்டு போனால்தான் நடக்கும்.

இன்னொன்று: சீரியலில் கதை ‘பத்து வருடங்களுக்குப் பிறகு’ என்று தாவிவிட்டால் குழந்தையின் வேடம் அன்றோடு முடிந்தது. ஒரு வாரம் முன்னால்தான் சொல்வார்கள். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன், வாடகை என்று எதையும் கட்டாதீர்கள். பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தான் சரியாக நடிக்காததால் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இது. இங்கேயே வாய்ப்பு கிடைக்காதா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் நிற்பது அதன் நுழைவாயில் வளைவு மட்டும். படம் எடுக்கும் தொழில் சென்னைக்குப் போய்விட்டது, உண்மைதான். ஆனாலும் குறும்படங்கள், உள்ளூர் விளம்பரங்கள், ஏற்காட்டுக்கு வரும் யூனிட்டுகளின் சின்ன வேடங்கள் இருக்கின்றன. நடிப்புப் பயிற்சி என்றால் கட்டண வகுப்புக்கு முன்னால் நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல், தாளத்துக்குள் நிற்கும் உடல், இரண்டையும் அங்கே பார்த்துக் கற்கலாம்.

குழந்தை நட்சத்திரங்கள் பெரியவர்களானதும் நிலைப்பார்களா?
– வாசகி, மேட்டூர்

1960-இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் வந்த கமல்ஹாசனும், 1969-இல் ‘துணைவன்’ படத்தில் வந்து 1976-இல் ‘மூன்று முடிச்சு’ நாயகியான ஸ்ரீதேவியும், மீனாவும், ஷாலினியும் நிலைத்தார்கள். குட்டி பத்மினி சீரியல் தயாரிப்பாளரானார். ஆனால் பெரும்பாலோருக்கு 12 வயதிலிருந்து சில வருடம் வேடமே வராது. குழந்தையும் இல்லை, பெரியவளும் இல்லை. அந்த வருடங்களைப் படிப்புக்கு என்று முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

அவள் பெயரில் இன்ஸ்டாகிராம் தொடங்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

13 வயதுக்கு முன் அவள் தானாக நடத்தக்கூடாது. நீங்கள் நடத்தினால், பெற்றோர் நடத்துவது என்று முகப்புக் குறிப்பில் எழுத வேண்டும். இருக்கும் இடம் தெரியும் படத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகு போடுங்கள். கமென்ட்டுகளை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், பாராட்டையும்தான்.

ஏற்காட்டில் மூன்று நாள் ஷூட்டிங் உறுதியாகிவிட்டது. பையில் என்னென்ன வேண்டும்?
– வாசகி, கன்னங்குறிச்சி

முதலில், முந்தின நாள் மாலையே மேலே போய்விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, காலையில் பால் குடித்துவிட்டு ஏறினால் பாதி வழியிலேயே வாந்தி, போட்டிருக்கும் துணியும் போச்சு. ஏறும் முன் ஒரு இட்லி போதும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்கட்டும், போன் கொடுக்காதீர்கள். வாந்தி மாத்திரை டாக்டரைக் கேட்டு மட்டும். அது தூக்கம் கொண்டுவரும், அன்றைக்கே காட்சி இருந்தால் கண் சொருகும். மே மாதக் கோடை விழா நாட்களில் வண்டி நெரிசலும் சேரும், கூடுதலாக இரண்டு மணி நேரம் வையுங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரம் அது. பனிமூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரம் எதுவும் எடுக்க முடியாது, விலகினால் ஓடி ஓடி எடுப்பார்கள். காஸ்ட்யூம் மெல்லிய பாவாடையாக இருந்தால் உள்ளே தோல் நிறத்தில் ஒரு முழுக்கை உடுப்பு போட முடியுமா என்று காஸ்ட்யூமரிடம் கேளுங்கள். ‘கட்’ சொன்னதும் போர்த்த ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர், நனைந்தால் மாற்ற இரண்டு ஜோடி சாக்ஸ், ஃபிளாஸ்கில் வெந்நீர், பாலிதீன் பை இரண்டு, அவளுடைய மருந்து, அனுமதி நகல், நேரம் குறிக்கும் நோட்டு, பள்ளிப் புத்தகம் ஒன்று. மழையில் நனையும் காட்சி என்று அங்கே போனபின் சொன்னால், வெந்நீர் கலந்து தெளிப்பார்களா, எத்தனை டேக், உடனே உலர்த்த அறை எங்கே என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். ஏற்பாடு இல்லையென்றால் அன்றைக்கு அந்தக் காட்சி வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் உண்டு.